நீலம் பாய்ந்த விரல்கள்

ஆம்பூர், 1934

என் கண்ணுக்கு,

அப்பாவின் கால் விரல் ரெண்டு நீலமாகிவிட்டது. அவர் தோல் பதனிடும் ஷாப்பில் ஒட்டிய சாயமென்று நினைத்து சோப்புப் போட்டுத் தேய்த்தேன். "தேய்க்காதே, எரியுது" என்று காலை இழுத்துக்கொண்டார்.

வேலூரில் டாக்டர் பாதத்தில் நாடி பார்த்தார். அது நன்றாகத்தான் ஓடுகிறதாம். "பெரிய ரத்தக்குழாய்ல படிஞ்ச கொழுப்பு பொடியா உதிர்ந்து விரலை அடைச்சிருக்கு. இன்னும் உதிரலாம்" என்றார். அடுத்து எங்கே போய் அடைக்கும் என்று நான் கேட்கவில்லை.

"வேலைக்கு எப்போ போலாம்?" என்று அப்பா கேட்டார். டாக்டர் கை கழுவப் போய்விட்டார்.

இன்று காலை அவர் தூங்கும்போது பார்த்தேன், மற்ற காலின் சுண்டுவிரலும் நீலமாயிருக்கிறது. போர்வையை இழுத்து மூடிவிட்டு இதை எழுதுகிறேன். மாமியாரிடம் சொல்லிவிட்டு நெமிலியிலிருந்து உடனே புறப்படு. வந்ததும் அவர் காலைப் பார்த்துவிடாதே. முகத்தைப் பார்த்தே பேசு.

உன் அம்மா