அறுபத்திரண்டு வாட்

வயரைக் கவ்விக் கரண்ட்டை அளக்கும் உன் கிளாம்ப் மீட்டர் என் மேசைமேல் கிடக்கிறது. பிடியில் நீ சுற்றிய பிளாஸ்திரி அழுக்கேறியிருக்கிறது. அதில் இன்னும் உன் கைப்பையின் தைல வாசனை.

பட்டான்செருவில் ஹீட்டர் காயில் செய்யும் சின்னக் கம்பெனியில் உனக்கு டெஸ்டிங் வேலை. வோல்டேஜ் பார்ப்பாய், ஆம்பியர் பார்ப்பாய். வகுத்தால் ரெசிஸ்டன்ஸ், பெருக்கினால் வாட். நாள் முழுக்க அதையே செய்துவிட்டு, ஷேர் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் நசுங்கி செகந்திராபாத் வந்து சேர்ந்த பிறகும் விடமாட்டாய். கீசர், மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, ஒன்றும் உன்னிடமிருந்து தப்பாது. "வாட்டு தெரிஞ்சா சாமான் எதுன்னு தெரிஞ்சிரும். மனுசங்களத்தான் கண்டுபிடிக்க முடியல" என்பாய். குத்தல் யாருக்கு என்று எனக்குத் தெரியாதா என்ன.

எனக்கு எல்லாமே கரண்ட்தான். விளக்கு அணைந்தால் கரண்ட் போச்சு, எரிந்தால் கரண்ட் வந்தாச்சு. "போனது வோல்டேஜுங்க. கரண்ட்டுன்னா ஓடுதது. சாமான் ஒண்ணு கேட்டு வாங்குனாத்தான் அது ஓடும்" என்று உன் திருநெல்வேலிப் பேச்சில் சலிக்காமல் திருத்துவாய். ஆமாம் ஆமாம் என்பேன். மறுநாள் எனக்கு மறுபடியும் கரண்ட் போகும்.

ஒருமுறை மீட்டரை என்னிடம் கொடுத்துப் பார்த்தாய். இரண்டு வயரையும் சேர்த்துக் கவ்வ வைத்தேன். பூஜ்யம் காட்டியது. மீட்டர் கெட்டுப்போச்சு என்றேன். நீ சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். "போறதையும் வாறதையும் சேத்துப் பிடிச்சா ஒண்ணை ஒண்ணு கழிச்சிரும்லா. ஒத்தையப் பிடிங்க."

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு மகள் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். கொண்டாப்பூரில் அவளோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான், பேச்சே கிடையாது. "ஃபிரிட்ஜ் காலி பண்ணிட்டேன் டாடி. மெயின் ஆஃப் பண்ணிட்டு வாங்க. ஐ'ல் வெயிட் இன் த கார்."

எனக்குப் போக மனமில்லை. வீட்டைப் பூட்டினால் நீ உள்ளே அகப்பட்டுக்கொள்வாய் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். இதை யாரிடம் சொல்ல முடியும்? நேரத்தைக் கடத்துவதற்காக அலமாரியிலிருந்து உன் மீட்டரை எடுத்தேன். மெயின் வயரில் மாட்டினேன், வழக்கம்போல இரண்டையும் சேர்த்து. பூஜ்யம். வீடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் நீ சொன்னது நினைவுக்கு வந்து ஒன்றை மட்டும் பிடித்தேன்.

பாயிண்ட் இரண்டு ஏழு ஆம்பியர்.

எல்லா சுவிட்சையும் அணைத்தாயிற்று, ஃபிரிட்ஜ் பிளக்கும் பிடுங்கியாயிற்று. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் பூஜ்யத்துக்குப் போனது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகத் திரும்பி வந்தது. உள்ளே யாரோ கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

பயத்தில் வேறொன்றும் தோன்றாமல் நீ செய்வதையே செய்தேன். நம் தெருவில் இருநூற்று முப்பது வோல்ட். வகுத்தால் எண்ணூற்றைம்பது ஓம் சொச்சம், பெருக்கினால் அறுபத்திரண்டு வாட். கணக்கு வந்தது, சாமான் யாரென்று வரவில்லை. நம் வீட்டு விளக்கெல்லாம் ஒன்பது வாட். டிவி இல்லை, மோட்டார் இல்லை. ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசியில் நம் அறை மட்டும் மிச்சம்.

உன்னை ஆம்புலன்ஸில் ஏற்றிய காலையில் சாத்திய கதவு அது. ஆஸ்பத்திரியிலிருந்து நீ உயிரோடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு நான் கூடத்து திவானில்தான் படுத்தேன். துக்கத்துக்கு வந்தவர்கள் யாரையும் அந்த அறைக்குள் விடவில்லை, நானும் போகவில்லை.

திறந்தேன். ஃபேன் ஓடவில்லை, விளக்கு எரியவில்லை. உன் பக்கத்துப் போர்வை நீ எழுந்த மாதிரியே கசங்கியிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து நீ படுக்கும் இடத்தில் கையை வைத்தேன். சூடாக இருந்தது.

மறைக்க என்ன இருக்கிறது? உன் பெயரைச் சொல்லி வாய்விட்டுக் கூப்பிட்டேன்.

போர்வையை விலக்கினால், முதுகு வலிக்கு நீ போட்டுக்கொள்ளும் ஹீட்டிங் பேட். வயர் கட்டிலுக்குப் பின்னால் பிளக்கில் மாட்டியபடியே இருந்தது. சூடு ஏறினால் நிறுத்திக்கொள்ளும், ஆறினால் மறுபடி வாங்கிக்கொள்ளும். மீட்டரில் எண் போய்ப் போய் வந்தது அதனால்தான். புரிந்ததும் பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒரு மாதமாக அந்தத் துணித்துண்டு உன் இடத்தை ஆறவிடாமல் வைத்திருக்கிறது, நான் சுவருக்கு இந்தப் பக்கம் குளிரில் சுருண்டு கிடந்திருக்கிறேன். அந்த நினைப்பு தாங்க முடியாததாக இருந்தது.

வெளியே மகள் ஹாரன் அடித்தாள். பிளக்கைப் பிடுங்கி, சூட்டோடு சூடாக அதைச் சுருட்டி என் பைக்குள் வைத்துக்கொண்டேன். பிறகு மெயினை அணைத்தேன்.

இங்கே மகள் வீட்டில் மாலையானால் அதை என் பக்கத்தில் விரித்துப் போடுகிறேன். மீட்டரால் அதை அளக்க முடியாது. அதன் வயரில் போவதும் வருவதும் ஒரே உறைக்குள் ஓடுகின்றன. அதனால் கையை வைத்துத்தான் பார்க்கிறேன்.

நேற்று மகள் காப்பியோடு அறைக்குள் வந்து பார்த்துவிட்டாள். உன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அதைச் சொல்லவில்லை.

"உங்களுக்கும் பேக் பெயினா டாடி?"

தலையாட்டினேன்.

"இது ரொம்பப் பழசு. மறந்துட்டா அப்படியே ஓடிட்டே இருக்கும். டைமர் வெச்சது ஆர்டர் பண்றேன், அது தானா ஆஃப் ஆயிடும்."

"நக்கோ, வேண்டாம்" என்றேன்.