முத்தையா அண்ணன் மூன்று தடவை எழுதிய புகார்

என் பிரியமுள்ள முத்தையா அண்ணனுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அழுகை நின்றுவிட்டது, கோபம் நிற்கவில்லை. அந்த அதிகாரி மேல் கோபம். உங்கள் மேலும் கோபம்தான் அண்ணே.

நம் ஆஸ்பத்திரி ஜீப்பை உங்களைப் போல் யார் பார்த்தார்கள்? திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் பிரசவம் பார்க்க என்னை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பியதும், டயரில் ஏறிய கருவேல முள்ளையெல்லாம் குறடால் பிடுங்குவீர்கள். அப்புறம் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்து, ஸ்பிரிங் பட்டைகளைச் சாக்கால் துடைத்து, விரலால் தடவிப் பார்ப்பீர்கள். அப்படித்தான் முன் அச்சைத் தாங்கும் மெயின் பட்டையில் விரிசலைக் கண்டுபிடித்தீர்கள். புகார் நோட்டில் எழுதினீர்கள். மூன்று தடவை எழுதினீர்கள்.

பட்டை வரவில்லை. புது டயர் இரண்டு வந்தது. அதையும் மேலதிகாரி தன் ஜீப்பில் மாட்டிக்கொண்டு, கழற்றிய மொட்டை டயர்களை நமக்கு அனுப்பினார். ரப்பர் தேய்ந்து உள்ளே நூல் தெரிந்தது.

“அவுக தார் ரோட்டுல போறவுக. நம்ம கரிசல்லயும் கல்லுலயும் கெடந்து உருளுறோம். புது டயரு யாருக்கு வேணும், நீயே சொல்லு தாயி” என்று என்னிடம் கத்தினீர்கள். என்னிடம் கத்தி என்ன பிரயோசனம்? அவரிடம் போய், “வண்டிய எடுக்க மாட்டேன்யா” என்று ஏன் சொல்லவில்லை? கைகட்டி நின்று, “பாத்து ஓட்டிக்கிறேன்யா” என்றுதானே வந்தீர்கள்?

அந்தச் சமயத்தில்தான் பரளச்சிப் பக்கமிருந்து ஆள் வந்தது. தலைப்பிரசவம், இரண்டு நாளாக வலி. விரிசலுக்குக் கம்பி சுற்றிக் கட்டியிருந்தீர்கள். மழை பெய்து காய்ந்த கரிசல் பாதையில் மாட்டுவண்டித் தடம் கல்லாக இறுகிக் கிடந்தது. நீங்கள் மெதுவாகத்தான் ஓட்டினீர்கள். நான்தான் பொறுக்காமல், “இப்படிப் போனா அந்தப் புள்ள செத்துரும்ணே, வேகமாப் போங்க” என்றேன்.

நீங்கள் ஆக்சிலேட்டரை மிதித்தீர்கள். கண்மாய்க் கரை ஏறியதும் கீழே படாரென்று ஒரு சத்தம். ஸ்டியரிங் உங்கள் கையை உதறிவிட்டுத் திரும்பியது. பிரேக் பிடித்தும் மொட்டை டயர் வழுக்கிக்கொண்டே போனது. நான் வெளியே விழுந்தேன். வண்டி கவிழ்ந்து உங்கள் மேல் விழுந்தது.

அந்தப் பெண்ணுக்கு நாம் போகாமலே பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் சுகம். இதற்குச் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா?

விசாரணை வைத்தார்கள். “நல்லா இருந்த வண்டிய அஜாக்கிரதையா ஓட்டிக் கவுத்துட்டான்” என்றார் அந்த அதிகாரி. புகார் நோட்டைக் கேட்டேன். நீங்கள் எழுதிய தாள்களைக் கிழித்திருந்தார்கள்.

வண்டி கிடந்த பாளையம்பட்டிப் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் முறிந்த பட்டையைக் கழற்றிக் காட்டினார். “பாதி முறிவு துருப்பிடிச்சுக் கெடக்கு, மீதி பளபளன்னு இருக்கு பாருங்க. பழைய விரிசல்மா இது. அன்னைக்கு மிச்சமும் விட்டுருச்சு.”

அடுத்த விசாரணைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய், பட்டையை மேஜை மேல் போட்டேன்.

“நர்சம்மா, ஒங்க வேலைய மட்டும் பாருங்க” என்றார் அதிகாரி.

“அந்த வண்டியில போறதும் என் வேலைதான்யா” என்றேன்.

ஓட்டியவர் மேல் குற்றமில்லை என்று எழுதினார்கள். அதிகாரியை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான் தண்டனை!

போன வாரம், அதற்குப் பதில் நமக்குக் கொடுத்த ஜீப்பின் பின் டயரில் நூல் தெரிந்தது. ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டேன். புது டிரைவரும் சாவியை மேஜையில் வைத்துவிட்டார். மாட்டுவண்டியில் போய்வந்தோம். மறுநாளே டயர் வந்தது. உங்களுக்கு மட்டும் ஏன் வரவில்லை?

ஒன்றை மட்டும் எந்த விசாரணையிலும் நான் சொல்லவில்லை. உங்களை விரட்டியது நான் என்று. சொன்னால் அதையே பிடித்துக்கொண்டு பழியை உங்கள் மேல் போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் நினைத்தேன். உங்களைப் பறிகொடுத்த மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இல்லேன்னா அவுகளக் குத்தவாளி ஆக்கியிருப்பாகளே” என்று அழுதபோதும் இதை மறைத்துவிட்டுத்தான் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதினியிடம் போகிறேன். கதவைச் சாத்தினாலும், வெளியே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன். இது சத்தியம் அண்ணே.

உங்கள் கூடப்பிறக்காத தங்கை,
ராஜாத்தி