அம்மாவுக்கு எடுத்து வைக்க வேண்டிய நாவல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இங்கே நலம் என்ற அடுத்த வரியை எழுதப் போனேன், கை வரவில்லை, அதனால் அதை விட்டுவிட்டு நீ கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். நான் உன்னோடு பேசும்போது உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள், உனக்குத்தான் தெரியுமே. இதை நம் கடையில் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாப்பிள்ளைக்கு வேலை வேலை என்று நிற்க நேரமில்லை, ஒரு நாள் பேய்க்கதை கேட்கிறார், மறுநாள் ராஜா கதை கேட்கிறார், நீ வாங்கிக் கொடுக்கும் நாவலெல்லாம் பத்துப் பக்கத்தோடு கவிழ்ந்து கிடக்கிறது, அம்மாவுக்கு மட்டும் எப்படிப்பா பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தீங்க என்று கேட்டாய். பெரிய வித்தை ஒன்றும் இல்லை கண்ணு. அவர் ரசனை என்ன என்று ஆராயாதே, வேலை முடிந்து வீட்டுக்குள் எப்படி நுழைகிறார் என்று பார். உன் அம்மா அவசரப் பிரிவில் தலைமை நர்ஸ், அங்கே என்ன நடந்தது என்று வாயைத் திறக்க மாட்டாள். செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்தால் அன்றைக்கு எந்தக் கதையும் ஓடும், காதல் கதைகூட. செருப்பு மூலைக்கொன்றாகக் கிடந்தால் கொலைக்கதைதான், புத்தகத்துலயாவது தப்பு பண்ணவன் மாட்டட்டும் என்பாள். பேசாமல் உன் பழைய அறையில் போய் உட்கார்ந்துவிட்டால் ஏதோ ஒரு குழந்தைக்கு ஆகக்கூடாதது ஆகியிருக்கிறது, அப்போது குழந்தையே வராத கதையாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும், அதற்காகவே நான் எல்லாவற்றையும் முதலில் படித்து வைத்துவிடுவேன். நேரமில்லாததற்கும் ஒரு வழி உண்டு, சின்ன வயதில் நீ பார்த்து அழுதாயே, அதேதான். கடையில் இருக்கிற கட்டிங் மெஷினில் நாவலின் முதுகை வெட்டி, மூன்று பாகமாகப் பிரித்து, பழுப்பு அட்டை போட்டு பின் அடித்துக் கொடுப்பேன், கோட்டுப் பையில் அடங்கும், டீ ஆறுவதற்குள் நாலு பக்கம் படித்துவிடுவாள். குண்டுப் புத்தகத்தைப் பார்த்தால் களைத்து வந்தவருக்கு மலைப்புத்தான் வரும். புத்தகத்தை வெட்டுவாங்களா என்று மாப்பிள்ளை முறைத்தால் உங்க மாமனார் சொன்னார் என்று என் தலையில் போட்டுவிடு. முடிவை மட்டும் தப்பித்தவறி சொல்லிவிடாதே. சித்தப்பாதான் கொலைகாரர் என்று நான் ஒரு தடவை உளறியதற்கு உன் அம்மா நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, தட்டை மட்டும் ணங்கென்று வைத்தாள்.

அப்படிப்பட்டவள் உன் அம்மா, பாப்பா. போன மாதம் கல்லூரிப் பிள்ளைகளின் பைண்டிங் வேலை தலைக்கு மேல் இருந்ததால் பழுப்பு அட்டையில் ஒன்று இரண்டு என்று எண் போட மறந்துவிட்டேன், முதல் பாகம் முடிந்ததும் இரண்டாவதற்குப் பதிலாக மூன்றாவதைக் கொடுத்தனுப்பிவிட்டேன். இரண்டாவது பாகம் மேசை டிராயரிலேயே கிடப்பதைப் பார்த்ததும் இன்றைக்கு வீட்டில் நமக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். அவள் படித்து முடித்து அதை மேசைமேல் வைத்துவிட்டுக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தப்பா கொடுத்துட்டேன்மா, கவனிக்கலையா என்றேன். தெரியும், முதல் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு என்றாள். பின்னே ஏன் கேட்கவில்லை என்றதற்கு, முடிவ முதல்ல தெரிஞ்சுக்கலாம்னு தோணிச்சுங்க, நடுவுல இருக்கறத நேரம் கெடைச்சாப் படிச்சுக்கலாம் என்றாள். எனக்கு ஏதோ சரியில்லை என்று அப்போதுதான் உறைத்தது. கத்தியை வாங்கி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன், நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மார்பில் கட்டி. தானே தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்து, தன் ஆஸ்பத்திரியிலேயே சோதனையும் செய்து, நல்ல கட்டி இல்லை என்று தெரிந்த பிறகும் தினம் டியூட்டிக்குப் போய் வந்துகொண்டிருந்திருக்கிறாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபம் வந்தது, அதைவிட அழுகை வந்தது, இரண்டையும் அடக்கத் தெரியாமல் நறுக்கிய காயை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினேன்.

அடுத்த மாதம் முதல் வாரம் ஆபரேஷன். சீக்கிரமே பார்த்துவிட்டோம் என்று டாக்டரம்மா தைரியம் சொல்கிறார், ஆனாலும் உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது அறுத்துப் பார்த்தால்தான் தெரியுமாம். உன்னிடம் சொல்லக்கூடாது என்று உன் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், புதுசா குடித்தனம் பண்ற பிள்ள, வேலையும் புதுசு, எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம் என்றாள். நானும் தலையை ஆட்டினேன், ஆட்டிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நேற்று ஆஸ்பத்திரியில் படிக்க ஒரு நாவல் எடுத்து வைக்கச் சொன்னாள், இந்தத் தடவை வெட்டாதீங்க, முழுசா குடுங்க, அங்க நேரம் நெறைய இருக்கும் என்று சிரித்தாள். புத்தகக் கடைக்குப் போனேன். தையல் போட்ட உடம்பு, கனம் தூக்கக்கூடாதே என்று மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்தேன், அதைக் கையில் கொடுத்தால் இனி இவ்வளவு நேரம்தானா என்று நினைப்பாளோ என்று தோன்றியதும் வைத்துவிட்டேன். தடிப் புத்தகத்தை எடுத்தேன், படித்து முடிப்பாளோ என்னவோ என்று அதையும் கொண்டுபோய்க் காசு கொடுக்கத் தெம்பு இல்லை. கடைக்காரர் யாருக்கு சார் வேணும், என்ன மாதிரி கதை படிப்பாங்க என்று கேட்டார். எல்லாம் படிப்பா என்று சொன்னேன். வெறுங்கையோடு திரும்பி வந்தேன். இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஒரு புத்தகம் எடுக்க எனக்குத் தெரியாமல் போனது இதுதான் முதல் தடவை. எனக்குப் பயமாக இருக்கிறது பாப்பா, அதை நான் வேறு யாரிடம் சொல்வேன்.

நீ வா. மாப்பிள்ளையிடம் விஷயத்தைச் சொல், புரிந்துகொள்கிற பிள்ளைதான் அவர். உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், நீங்கள் நீடூழி நன்றாக இருக்க வேண்டும். நான் எழுதினேன் என்று அம்மாவிடம் காட்டிக்கொள்ளாதே, லீவு கிடைத்தது என்று சொல், நம்ப மாட்டாள், இருந்தாலும் அப்படியே சொல். புத்தகத்தை நீயே பார்த்து வாங்கி வா, தடிமனாகவே இருக்கட்டும். அதை அவள் படித்து முடிக்கிற வரைக்கும் நீ இங்கேயே இருக்க முடியுமா என்று மட்டும் மாப்பிள்ளையைக் கேட்டுப் பார்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்
அப்பா