என் தொப்பையின் ஞாபகசக்தி

ஜூன் 3, செவ்வாய்
புதுச்சேரி வரலாற்றில் பொன்னாள். என் தொப்பையிலிருந்து ஊசி வழியாக மிளகளவு கொழுப்பை விஞ்ஞான உலகம் எடுத்துக்கொண்டது. விஞ்ஞான உலகம் என்றால் என் அக்கா மகள் சுமலதா, ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. நான் போட்ட சத்தத்தில் வைத்திக்குப்பத்துப் படகுகள் தாமாகக் கரையேறியிருக்கும்.

"மரபணு மாறாது மாமா. அதுமேல சுவிட்சு மாதிரி அடையாளங்க இருக்கு. சாப்பாடு மாறினா சிலது மாறும். சிலது மாறாது. எடை குறைஞ்சாலும் கொழுப்பு செல்லு பழச மறக்காது."

முப்பத்தோரு வருஷம் என் பெண்டாட்டி அமுதவல்லி போட்ட சோறு. எப்படி மறக்கும்?

எட்டு வாரம் தின்றதையெல்லாம் எழுத ஒரு நோட்டு கொடுத்தாள்.

ஜூன் 4
நோட்டில் எழுதியது: மாங்காய் போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, மூன்று தட்டு சோறு.
தின்றது: டீ, பன்.
மகள் பிரசவத்துக்கென்று பிரான்சு போன அமுதவல்லி, ஆறே மாதம் என்றாள். இது பதினொன்று. பன் என்றா எழுதுவது? என் கௌரவம் என்ன ஆவது?

ஜூன் 22, ஞாயிறு
"சாப்ட்டியா?" என்றாள் அமுதவல்லி, போனில். "ஊருக்கே விருந்து வெக்கறேன்" என்றேன். எப்ப வர்ற என்பது தொண்டை வரை வந்தது. பேரன் அழுதான். வைத்துவிட்டாள்.

ஜூலை 8
நோட்டில் சுறாப்புட்டு. எழுதும்போதே எச்சில் ஊறியது. பிறகு பன் இறங்கவில்லை.

ஜூலை 29, செவ்வாய்
இரண்டாவது ஊசி. சுமலதா எடை பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், மறுபடி எடை.
"எழுதனபடி தின்னிருந்தா ஏறியிருக்கணும். ஏழு கிலோ எறங்கியிருக்கு! ஆராய்ச்சிலயே பொய்யா மாமா?"
உண்மையைச் சொன்னேன். நோட்டைப் படமெடுத்து அமுதவல்லிக்கு அனுப்பிவிட்டாள். ஒரு வரி விளக்கமில்லை, பாவி!

ஜூலை 30
பிரான்சிலிருந்து இடி.
"சுறாப்புட்டு, கருவாட்டுக் கொழம்பு... எவய்யா அவ?"
"ஒருத்தியும் இல்ல. எல்லாம் நீ ஆக்கனது."
"நான் இங்க கெடக்கறேன்!"
"அதான்... எழுதிப் பாத்தேன்."
பேரன் அழுதான். இந்தத் தடவை அவள் வைக்கவில்லை.
"வந்துடு அமுதா" என்றேன். பெரிதாக வேறொன்றும் சேர்க்கத் தோன்றவில்லை.
"உனக்குக் கொழுப்புய்யா" என்றாள்.

ஆகஸ்ட் 11
சுமலதா சொல்கிறாள்: இரண்டாம் ஊசியிலும் பல அடையாளங்கள் அப்படியே இருக்கின்றனவாம். கேவலம் ஒரு பன்னுக்கு மசியுமா என் கொழுப்பு!

ஆகஸ்ட் 17, ஞாயிறு
மதியம்: நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. மாங்காய் கிடைக்காமல் கத்திரிக்காய். உப்பு தூக்கல். திட்டு, அளவில்லாமல். சோறு மூன்று தட்டு.

"ஒன்ற தட்டு. ஒழுங்கா எழுது" என்கிறாள் அமுதா, தோளுக்குப் பின்னாலிருந்து.

ஒன்றரைத் தட்டு.