ஊசியும் பிறையும்

786

தாராவி, பம்பாய்
8-12-1968

அன்புள்ள தம்பி அசனார் லெப்பைக்கு,

உன் கூடப்பிறந்த லாத்தா ரசூல் பீவி ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் மகன் காதர் மைதீனும் மருமகள் ஜொகராவும் பேத்தியும் அல்லாஹ் கிருபையால் நலம். நீயும் பாத்துவும் பிள்ளைகளும் நலமாயிருக்க இந்த நோன்பு மாதத்தில் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

பேட்டைப் பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்க உன்னை முத்தவல்லி ஆக்கினார்கள் என்று கேள்விப்பட்டதும் தெருக்குழாயடியில் நின்ற எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நம் வாப்பா இருந்திருந்தால் ஊருக்கே விருந்து வைத்திருப்பார். நான் பூந்தியோடு நிறுத்திக்கொண்டேன்.

எழுத்து பெரிது பெரிதாக இருக்கிறதே என்று பார்க்காதே. ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் மெச்சிய அதே கையெழுத்துதான். சின்னதாக எழுதினால் இப்போது எனக்கே தெரிவதில்லை. ஊசியில் நூல் கோக்கவும் பேத்தியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அவளுக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. தமிழ் எழுத்தைக் கண்டால்தான் திருதிருவென்று முழிக்கிறாள்.

எங்கள் வீட்டுக்கும் மதரஸாவுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். வெள்ளிக்கிழமைதோறும் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் அங்கே கூடித் தமிழ்ப் பேப்பரை உரக்கப் படித்து வாதாடுவார்கள். ரேஷன் அரிசி, பள்ளிவாசலுக்கு ஒலிபெருக்கி வைக்கலாமா கூடாதா, தேர்தல், எல்லாம் வரும். நாங்கள் பெண்கள் இந்தப் பக்கம் இருந்து கேட்போம். எனக்கு ஏதாவது சொல்லத் தோன்றினால் பலகையைத் தட்டுவேன். "ரசூல் பீவியம்மா என்னமோ சொல்லுதாக, சத்தம் போடாதீய" என்பார் தொழவைக்கும் ஹஜ்ரத்.

போன வாரம், அமெரிக்காக்காரன் மூன்று பேரைச் சந்திரனைச் சுற்றிவர அனுப்பப் போகிறான் என்ற சேதி. தோல் கிட்டங்கி மீராசா, "எல்லாம் கட்டுக்கதை" என்று குதித்தார். நான் பலகையைத் தட்டி, "போயிட்டு வரட்டுமே. பிறையப் பாத்துப் பெருநாள் என்னைக்குன்னு அவங்களே சொல்லிட்டா நமக்கு ஒரு சண்டை மிச்சம்" என்றேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

துஆவுடன்,
உன் லாத்தா
ரசூல் பீவி

---

தாராவி
21-12-1968, பெருநாள்

அன்புத் தம்பிக்கு,

பெருநாள் வாழ்த்து. எங்கள் ஜமாஅத் ராத்திரியே அடித்த தந்தி கிடைத்திருக்கும். அதில் என் பெயரையும் பார்த்திருப்பாய். நடந்ததைச் சொல்கிறேன்.

நேற்று மாலை மேகம். அதோடு குயவர் சூளைப் புகை வேறு. மதரஸா மாடியில் ஆண்கள் கழுத்து வலிக்க நின்று பார்த்துவிட்டு ஒவ்வொருவராக இறங்கிவிட்டார்கள். ஹனீப் மட்டும் நின்றுகொண்டிருந்தான். நம் முகம்மது ஹனீப்தான், சோடாபாட்டில் கண்ணாடி போட்ட தையல்காரன். நானும் ஜொகராவும் எங்கள் மாடியில் தண்ணீர் குடித்து நோன்பு திறந்துவிட்டு நின்றோம். அடுத்த வீட்டுப் பேராச்சி காய்ந்த துணியை எடுக்க வந்தவள், "பீவிக்கா, அந்தா மில் சிம்னிக்கு எடது பக்கம் பாருங்க, நகத்த வெட்டிப் போட்டாப்ல" என்றாள்.

பார்த்தேன். மேகம் விலகிய இடத்தில் அப்படியே இருந்தது. ஜொகராவும் பார்த்தாள். ஹனீபைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவனும் கண்டுவிட்டு, "அல்லாஹு அக்பர்" என்று கத்தினான். அதற்குள் மேகம் மூடிவிட்டது.

ஹஜ்ரத் மார்க்கக் கிதாபைப் பார்த்தார். மேகம் மூடிய நாளில் பெருநாள் பிறைக்கு இரண்டு ஆண் சாட்சி வேண்டும், இல்லாவிட்டால் ஒரு ஆணும் இரண்டு பெண்ணும். பேராச்சி நம் மார்க்கம் இல்லை, அதனால் அவள் சாட்சி கணக்கில் வராது, ஆனால் முதலில் கண்டது அவள்தான். ஹனீபும் நானும் ஜொகராவும் கலிமா சொல்லிச் சாட்சி சொன்னோம். என் வாய்ச்சொல்லில் தாராவித் தமிழ் ஜமாஅத்தே பெருநாள் கொண்டாடியது, தம்பி. காலையில் தக்பீர் சத்தம் பலகைக்கு அந்தப் பக்கம் கேட்டபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பேராச்சி வீட்டுக்கு வட்டிலப்பம் கொடுத்தேன். உங்களுக்கும் அங்கே இன்றுதானே பெருநாள்?

லாத்தா

---

786

திருநெல்வேலிப் பேட்டை
26-12-1968

மரியாதைக்குரிய லாத்தாவுக்கு,

தம்பி அசனார் லெப்பை ஸலாம் கூறி எழுதிக்கொண்டது. நாங்கள் அனைவரும் நலம்.

தங்களிடம் மறைக்க விரும்பவில்லை. எங்களுக்குப் பெருநாள் ஞாயிற்றுக்கிழமைதான். இங்கே மழைமேகம், பிறை தெரியவில்லை. சனிக்கிழமை விடியற்காலை சுபுஹு தொழுகைக்குத் தந்தி வந்தது. சாட்சிகள் யார் யார் என்று சபையில் வாசித்தேன். "ரசூல் பீவி முத்தவல்லியோட லாத்தால்லா, கண் பார்வை எப்படி?" என்று கேட்டார்கள். பள்ளிவாசலில் நின்றுகொண்டு பொய் சொல்ல முடியுமா? ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை என்று தாங்களே எழுதியிருந்ததைச் சொன்னேன். ஊசிக்கண் தெரியாதவர்களுக்கு நூல்போன்ற பிறை எப்படித் தெரியும் என்று சபை முடிவு செய்தது. முப்பது நோன்பும் முடித்தோம். தங்கள் ஜமாஅத்துக்கும் இதை எழுதிவிட்டேன். ஒரு நோன்பு விட்டுப்போயிருந்தால் அவர்கள் ஈடு செய்ய வேண்டுமல்லவா?

மார்க்க விஷயத்தில் லாத்தா, தம்பி என்று பார்க்க முடியாது. தாங்கள் வருத்தப்படக் கூடாது.

அந்த மூன்று பேரும் சந்திரனைச் சுற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறார்களாம். ரேடியோவில் கேட்டேன். அல்லாஹ்வின் படைப்பில் எத்தனை அதிசயம்!

தங்கள் அன்புத் தம்பி
அசனார் லெப்பை

---

தாராவி
5-1-1969

தம்பி அசனார் லெப்பைக்கு,

உன் கடிதம் வந்தது. ஜமாஅத்துக்கு எழுதியதும் வந்தது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அதைப் படித்தார்கள். நான் பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் கேட்டேன்.

மீராசா எழுந்தார். "சொந்தத் தம்பியே எழுதிட்டாரே! அந்தம்மாவ மாடியில நிக்கவச்சு, மில் சிம்னியில எத்தன காக்கா உக்காந்திருக்குன்னு எண்ணச் சொல்லுவோம்" என்றார். பலகையைத் தட்டினேன். கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டேன் போலிருக்கிறது, அந்தப் பக்கம் மாட்டியிருந்த காலண்டர் விழுந்தது.

"ஹஜ்ரத், நான் அல்லாஹ் பேரச் சொல்லிச் சாட்சி சொன்னவ. காக்கா எண்ண வரல. பரீட்சை வைக்கிறதுன்னா மூணு பேருக்கும் வைங்க. மொதல்ல ஹனீப் எண்ணட்டும். அவன் கண்ணப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கலியே!"

அதைக் கேட்டு ஹனீபே சிரித்துவிட்டான். "கண்ணாடியக் கழட்டுனா எனக்குச் சிம்னியே தெரியாது, ஹஜ்ரத்" என்றான். சாட்சி சாட்சிதான், மனதில் சந்தேகம் உள்ளவர்கள் மட்டும் ஈடு நோன்பு வைத்துக்கொள்ளட்டும் என்று ஹஜ்ரத் முடித்துவைத்தார்.

நேற்று தெருவில் பாதிப் பேர் நோன்பு. யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து ஜமாஅத் வீடுகளில் பகலில் எங்கள் அடுப்பு மட்டும் புகைந்தது. குழாயடியில் எனக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார்கள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தம்பி, எனக்குத் தெரியாதது கிட்டத்தில் இருப்பதுதான். ஊசியும் எழுத்தும் அரிசியில் கிடக்கும் கல்லும். தூரத்தில் இருப்பதெல்லாம் நன்றாகத் தெரிகிறது. அறுபது வயதுக்கு மேல் பாதிப் பேருக்கு அப்படித்தான் என்று ஒரு டாக்டரைக் கேட்டாலே சொல்லுவார். நீ என்னைக்கூடக் கேட்கவில்லை.

சந்திரனைச் சுற்றிய மூன்று பேரை நீ பார்த்ததில்லை. அவர்கள் கண் எப்படி என்று யாரிடமும் விசாரிக்கவும் இல்லை. ரேடியோ சொன்னதும் நம்பிவிட்டாய். உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் கலிமா சொல்லிச் சொன்னதுதான் உனக்குப் போதவில்லை.

என் சொல் பொய்யில்லை என்று இந்த ஜமாஅத்துக்கு நீ எழுத வேண்டும். அதுவரை என்னிடமிருந்து கடிதம் வராது.

ரசூல் பீவி

---

பேட்டை
22-1-1969

மரியாதைக்குரிய லாத்தாவுக்கு,

ஸலாம். தங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். சபை எடுத்த முடிவை நான் ஒருவன் எப்படி மாற்றுவது? கோபம் ஆறியதும் ஒரு கார்டாவது போடுங்கள். தபால்காரர் நம் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பாத்து என்னைத்தான் முறைக்கிறாள். சோறு போடும்போதும் பேசுவதில்லை.

அசனார் லெப்பை

---

பேட்டை
19-2-1969

என் லாத்தாவுக்கு,

கார்டு வரவில்லை. வராது என்றும் தெரியும். இருந்தாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

திங்கட்கிழமை மாலை ஹஜ்ஜுப் பெருநாள் மாதத்துக்குப் பிறை பார்க்கும் நாள். மேகம். பள்ளிவாசல் மாடியில் நின்றவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். நான் வீட்டுக்கு வந்தேன். எங்கள் மாடியிலிருந்து பாத்து கூப்பிட்டாள். ஒரு மாதமாகப் பேசாதவள் கூப்பிட்டதும் ஓடிப்போய் ஏறினேன். அடுத்த வீட்டு ராபியத்தும் நின்றாள்.

"அந்தா, மினாராவுக்குக் கீழ" என்றாள் பாத்து. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "எங்களா இருக்கு?" என்றேன். என் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். இருந்தது, லாத்தா. இவ்வளவு நேரமும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. அவள் காட்டாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

சபையில் மூன்று பேரும் சாட்சி சொன்னோம். பாத்துவின் பார்வையைப் பற்றி ஒருவர் கேட்டார். உங்களைப் போலத்தான், கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது அவளுக்கும் தெரியாது. நான் எழுந்து நின்று, "பெருநாள் பிறைக்கு என் லாத்தா சொன்ன சாட்சியை அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் தள்ளினேன். அது தப்பு" என்றேன். அன்று நோன்பே கூடாத பெருநாளில் ஊரையே நோன்பு வைக்கச் சொல்லியிருப்பேனோ என்ற நினைப்பு இப்போது என்னை விடமாட்டேன் என்கிறது.

இதையே தங்கள் ஜமாஅத்துக்கும் முத்திரை வைத்து எழுதியிருக்கிறேன். இங்கே ஹஜ்ஜுப் பெருநாள் வியாழக்கிழமை, 27ஆம் தேதி. அங்கே பிறை தெரிந்ததா?

தம்பி

---

786

தாராவி, பம்பாய்
24-2-1969

அன்புள்ள தம்பிக்கு,

வ அலைக்கும் ஸலாம்.

இங்கே பிறை தெரியவில்லை. அன்று புகை சுவர் மாதிரி நின்றது. நானும் பார்த்தேன், காணவில்லை. காணாததைக் கண்டேன் என்று சொல்லுகிறவள் இல்லை உன் லாத்தா. அதனால் இங்கே வெள்ளிக்கிழமை என்று வைத்திருந்தார்கள்.

உன் கடிதம் வந்ததும் நேற்று அவசரமாகக் கூட்டம் போட்டார்கள். ஹஜ்ரத் முழுக்கப் படித்தார். நீ என்னைப் பற்றி எழுதிய இடத்தை மட்டும், நான் கேட்காமலே, இன்னொரு தரம் படித்தார். பலகைக்கு இந்தப் பக்கம் பெண்களெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜொகரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்று காலை குழாயடியில் யாரும் ஒதுங்கவில்லை. என் குடத்தைத் தள்ளிவிட்டு முந்தினார்கள். அப்பாடா என்றிருந்தது.

பேட்டைச் சாட்சியை ஏற்பதா என்று வாதம் நடந்தபோது மீராசா விடுவாரா? "அந்தப் பாத்தும்மாவுக்குக் கண்ணு எப்படின்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

நான் மெதுவாகத்தான் தட்டினேன்.

"எனக்குத் தெரியும், ஹஜ்ரத். ஊசியில நூல் கோக்க அவளால முடியாது. அதனால பிறைய நிச்சயமாப் பாத்திருப்பா."

முதலில் சிரித்தது மீராசாதான். வியாழக்கிழமை பெருநாள், தம்பி. உனக்கும் எனக்கும் ஒரே நாள்.

உன் லாத்தா
ரசூல் பீவி