ஒன்றுக்கு அடுத்து பத்து

இன்று காலை, ஒரு கூட்டத்துக்கான ஸ்லைடுகளை ஓடும் படமாக்க உட்கார்ந்தேன். கறுப்புத் திரையில் கட்டளையை அடித்ததும் படங்கள் வரிசையாக வந்தன: ஒன்று, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, அப்புறம்தான் இரண்டு. இத்தனை வயதுக்கு மேல் அதே தப்பு. யாருமில்லாத அறையில் எனக்கு முகம் சூடாகிவிட்டது.

எண்பதுகளின் கடைசியில், தாண்டிக்குடி காப்பி வாரிய அலுவலகத்தில் நாம் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. புதிதாக வந்த கம்ப்யூட்டரில் காப்பிச் செடி வளர்வதைக் காட்டலாம் என்றது நீதான். செடியின் புகைப்பட ஸ்லைடுகளைப் பார்த்து, விசைப்பலகையின் நட்சத்திரமும் கோடுமாக நீ வரைந்தாய். அவை ஒன்றன்பின் ஒன்றாக ஓட நான் கட்டளை எழுதினேன். ஒன்பது படம் அழகாக ஓடியது. பூவும் காயும் இல்லாமல் என்ன செடி என்று கடைசியில் மூன்று படம் சேர்த்தாய். அதை ஓட்டிப் பார்க்க நமக்குப் பொழுதில்லை.

தோட்ட முதலாளிகள் கூட்டத்தில் விளக்கிப் பேச வேண்டியவள் நீ. உன் அம்மா காப்பிப் பழம் பறித்த தோட்டத்தின் முதலாளியே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நீ புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாய்.

எண்ணின் முதல் இலக்கத்தைப் பார்த்துத்தான் இயந்திரம் அடுக்கும் என்று யாருக்குத் தெரியும்? விதைக்கு அடுத்தே செடி காய்த்துக் குலுங்கியது. உடனே சுருங்கி முளையாகி நின்றது. கூடம் சிரித்தது. நான் மேஜைக்கடியில் பிளக்கைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"என்னம்மா, காச்ச செடி மறுபடி மொளையாப் போவுது?" என்றார் முதலாளி.

"எங்க சனமும் அப்பிடித்தாங்க. சிலோன்ல காச்சு நின்னவங்களப் புடுங்கிக் கொண்டாந்து, இங்க மொளையிலருந்து வளரச் சொன்னாங்க" என்றாய் நீ.

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் குனிந்தபடியே இருந்தேன். மூன்று வருஷமாக உன் ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் பிடுங்கித் தின்றவள். 'சிலோன்காரி' என்று கேலி வேறு. நீங்கள் எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

திரும்பும் ஜீப்பில், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

"நீ கேக்கலியே புள்ள. ஒருநாளைக்குச் சாவகாசமாச் சொல்றேன்."

அதற்குப் பிறகாவது கேட்டிருக்கலாம். வெட்கத்தில் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்துவிட்டேன். நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இப்போதெல்லாம் பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும், சாப்பாட்டைப் பிரிக்குமுன் எந்த ஊர், எப்படி வந்தீர்கள் என்று கேட்டுவிடுகிறேன். அவர்கள் சந்தோஷமாகச் சொல்கிறார்கள். எனக்குத்தான் நிமிர்ந்து பார்த்துக் கேட்க முடிவதில்லை.