நூல் கடித்த பல்

மார்ச் 3, திங்கள்
பேச முடியவில்லை, எழுதத்தான் முடிகிறது. காலையில் துணி மூட்டையோடு எங்கள் தையல் கடைக்குள் நுழைந்தவள், வாய் உயரத்தில் நின்ற ஷட்டரில் இடித்துக்கொண்டேன். முன்பல் இரண்டும் ஆட்டம் கண்டுவிட்டன. பாதியில் விட்டது நாத்தனார். முழுசாகத் தூக்கினால் கை தேய்ந்துவிடுமா?

பல் டாக்டரம்மா ஒரு மெல்லிய கம்பியைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டியிருக்கிறார். ஸ்பிளின்டாம். நான்கு வாரம் அசையாமல் இருந்தால் பல் பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் பிடுங்க வேண்டியதுதான். முன்பல்லால் எதையும் கடிக்கக் கூடாது.

மார்ச் 5
குழைந்த சோறு. மறுபடி குழைந்த சோறு. திட்டலாமென்றால் வாயில் காற்றுதான் வருகிறது.

மார்ச் 9
"இன்னும் வலிக்குதா அண்ணி?" என்று கேட்டாள். மிஷினை வேகமாக மிதித்தேன். இவளோடு என்ன பேச்சு?

மார்ச் 12, புதன்
சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா!

சட்டைக்குப் பட்டன் தைத்து முடித்து, இருபது வருஷப் பழக்கத்தில் நூலைப் பல்லால் கடித்து இழுத்தேன். டக். கம்பி ஒரு பக்கம் பிய்ந்துவிட்டது. கத்தரி கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது!

டாக்டரம்மா, எதையாவது கடித்தீர்களா என்று கேட்டார். ரொட்டி என்றேன். கூட வந்த நாத்தனார் எல்லாவற்றையும் பார்த்தவள்தான். வாயே திறக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. திரும்ப ஒட்டியாயிற்று. நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

மார்ச் 13
என் மிஷினில் ஒரு குட்டிக் கத்தரி தொங்குகிறது, நாடாவில் கட்டி. யார் கட்டியது என்று கேட்கவில்லை. கேட்டால் பேச வேண்டுமே.

மார்ச் 25
பல்லை நாக்கால் தொடாதே என்றார்கள். நாக்கு கேட்டால்தானே.

ஏப்ரல் 9, புதன்
கம்பியை எடுத்தார். இடது பல் கல் மாதிரி நிற்கிறது. வலது பல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது பிடிக்கலம்மா, எடுத்துடலாம்" என்றார். எடுத்துவிட்டார். நூலைக் கடித்தது அந்தப் பல்தான்.

வெளியே வந்ததும் நாத்தனார் அழுதாள். அன்றைக்கு ஷட்டரைத் தூக்கியிருக்க வேண்டும், எல்லாம் தன்னால்தான் என்றாள். ஒரு மாதமாக அவள் வாயிலிருந்து இதைக் கேட்கத்தான் காத்திருந்தேன். கேட்டபோது தாங்கவில்லை.

பஞ்சைக் கடித்தபடியே சொன்னேன்: "நூலக் கடிச்சது நான்தாண்டி. ரொட்டின்னு பொய் சொன்னேன்."

"தெரியும் அண்ணி."

கடைக்குத் திரும்பினோம். ஷட்டரை மேலே வரைக்கும் தூக்கினாள். தானாகவே நிற்கிற ஷட்டர்தான். நான் உள்ளே போகும்வரை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றாள்.